"மேலே பாருங்க மாமா" என்று கேட்டுப் பார்த்தீர்களா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் மாமாவுக்கு 54 வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல், அப்புறம் நினைவில்லை. மூளைத்தண்டில் ஸ்ட்ரோக் என்றார்கள். இப்போது வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள்; கழுத்தில் ட்யூப் இருக்கிறது. ஒரு வாரமாகக் கண் திறந்திருக்கிறது. ஆனால் கை, கால், முகம், நாக்கு எதுவும் அசையவில்லை. "கையை அழுத்துங்க" என்றால் அழுத்துவதில்லை. இன்னும் கோமாவிலிருந்து வெளியே வரவில்லை என்கிறார் டாக்டர். அத்தை மட்டும் "அவருக்கு எல்லாம் கேக்குது, நான் பேசினா கண்ணு மாறுது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவம், மனசு ஆறாமல் சொல்கிறார் என்று வீட்டில் மற்றவர்கள் நினைக்கிறார்கள். ஒரு மனிதர் முழு நினைவோடு, விரல்கூட அசையாமல் கிடக்க முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். உங்கள் மாமாவின் நிலை அதுதானா என்று இங்கிருந்தபடி நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், அதைச் சோதித்துப் பார்க்காமல் இன்னொரு நாளைக் கடத்தக்கூடாது. நான் பல வருடங்களாக நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். பேச்சு முழுக்கப் போனவர்களுக்கு வேறு வழியில் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தூக்கத்தில் அமுக்குவான் பேய் அமுக்கியது என்று சொல்வோமே, அதை அனுபவித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விழிப்பு வந்துவிடும். ஃபேன் சத்தம் கேட்கும். பக்கத்தில் படுத்திருப்பவரைக் கூப்பிட நினைப்போம், வாய் வராது. கண் மட்டும் உருளும். கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளைத்தண்டு உடம்பின் தசைகளைப் பூட்டி வைக்கிறது. கண்ணையும் மூச்சையும் அது பூட்டுவதில்லை. விழிப்பு வந்த பிறகும் அந்தப் பூட்டு ஓரிரு நிமிஷம் திறக்காமல் நின்றால் அதுதான் அமுக்குவான். உங்கள் மாமாவைப் போன்றவர்களுக்கு ஸ்ட்ரோக்கால் அந்தப் பூட்டு விழுந்து, திறக்காமலே நின்றிருக்கலாம்.

எப்படி என்று பார்ப்போம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் இருப்பது மூளைத்தண்டு. அதன் நடுப்பகுதிக்கு பான்ஸ் என்று பெயர், ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். கை கால்களை அசைக்க, பேச, விழுங்க, சிரிக்க மூளை அனுப்பும் கட்டளைகள் எல்லாம் பான்ஸின் முன்பக்கம் வழியாகத்தான் இறங்குகின்றன. நம்மை விழித்திருக்க வைக்கும் நரம்புப் பின்னலும், தொடுதல், கேட்டல் முதலியவற்றை மேலே கொண்டுபோகும் பாதைகளில் பெரும்பகுதியும் பின்பக்கத்தில் இருக்கின்றன. பான்ஸுக்கு ரத்தம் தரும் பேசிலார் ஆர்ட்டரி முன்பக்கத்தை ஒட்டி ஓடுகிறது. அந்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்து முன்பக்கம் மட்டும் செத்துப்போனால், கட்டளைப் பாதை அறுந்துவிடும். விழிப்பும் உணர்வும் தங்கிவிடும். கண்ணை இடமும் வலமுமாகத் திருப்பும் மையம் பான்ஸில் இருப்பதால் அதுவும் போய்விடும். ஆனால் கண்ணை மேலும் கீழும் நகர்த்துவதும் இமையைத் தூக்குவதும் பான்ஸுக்கு மேலே, நடுமூளையில் இருக்கும் வேலை. அது தப்பிவிடுகிறது.

"கையை அழுத்துங்க", "நாக்கை நீட்டுங்க", "இந்தப் பக்கம் பாருங்க" என்று கேட்டால், இப்படிப்பட்டவர் எதையும் செய்ய மாட்டார். கேட்கவில்லை என்பதால் இல்லை. நாம் கேட்கும் எல்லாமே அறுந்த பாதை வழியாகப் போகவேண்டிய வேலைகள். "மேலே பாருங்க" என்று ஒரு தடவை கேட்டால் பார்ப்பார். அந்த ஒரு கேள்வியை யாரும் கேட்காததால் மாதக்கணக்கில் கோமா என்று படுத்திருந்தவர்கள் உண்டு.

இந்த நிலைக்கு லாக்டு-இன் சிண்ட்ரோம் என்று 1966-ல் ஃப்ரெட் ப்ளம், ஜெரோம் போஸ்னர் என்ற இரண்டு அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். உள்ளே வைத்துப் பூட்டப்பட்டவர் என்று அர்த்தம். உலகத்துக்கு இது பரவலாகத் தெரியவந்தது ஜான்-டொமினிக் போபி மூலமாக. பாரிஸில் ஒரு பெரிய பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பர் 8 அன்று, 43 வயதில் ஸ்ட்ரோக். சுமார் மூன்று வாரக் கோமாவிலிருந்து விழித்தபோது இடது கண் மட்டும்தான் அவர் சொல்படி கேட்டது. வலது கண்ணை மூட முடியாமல் கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் இமையைத் தைத்துவிட்டார்கள். அந்த ஒற்றைக் கண்ணை இமைத்து இமைத்து, எழுத்து எழுத்தாக ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்லி எழுதவைத்தார். ஏறத்தாழ 2 லட்சம் இமைப்புகள். உதவிக்கு இருந்த பெண் எழுத்துகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி இமைப்பார். வழக்கமான ஏ, பி, சி வரிசையில் போனால் நேரமாகும் என்று, பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்திலிருந்து குறைவாக வரும் எழுத்து வரை வரிசையை மாற்றி அமைத்திருந்தார்கள். புத்தகம் வந்த சில நாளிலேயே, 1997 மார்ச் 9 அன்று, அவர் இறந்துபோனார். அவர் தொடங்கிவைத்த நோயாளிகள் சங்கம் பிரான்ஸில் இன்றும் இருக்கிறது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். லாக்டு-இன் நோயாளிகளைப் பற்றி 2002-ல் வந்த ஓர் ஆய்வில், நிலைமை இன்னதென்று கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டரை மாதம் ஆகியிருந்தது. இவர் நினைவோடு இருக்கிறார் என்று முதலில் கண்டுகொண்டது யார் என்றும் கேட்டார்கள். பாதிக்கு மேல், 55 சதவீதம் பேருக்கு, அது குடும்பத்தினர். மருத்துவர் முதலில் கண்டது 23 சதவீதம்தான். டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ரவுண்ட்ஸில் ஒரு நோயாளிக்குச் சில நிமிஷம் கிடைக்கும். மூளைத்தண்டில் அடிபட்டவர் அந்த நேரம் பார்த்துத் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆரம்ப வாரங்களில் விழிப்பு வந்து வந்து போகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் கண் எப்போது மாறுகிறது என்று தெரியும். அதனால் அத்தை சொல்வதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் அவர் தவறாகவும் இருக்கலாம் என்பதை நான் மறைக்கக் கூடாது. உணர்வு திரும்பாமல் கண் மட்டும் திறந்திருக்கும் நிலையும் உண்டு. வெஜிடேட்டிவ் ஸ்டேட் என்பார்கள். அதில் இருப்பவர்களும் கொட்டாவி விடுவார்கள், முனகுவார்கள், கண்ணீர்கூட வரும். உள்ளங்கையில் விரலை வைத்தால் பிடித்துக்கொள்வது பச்சைக்குழந்தைக்கு இருக்கும் அனிச்சை மாதிரிதான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே அன்பு ஒன்றை வைத்து முடிவுக்கு வராமல், சோதித்தே பார்த்துவிடுங்கள். வீட்டு ஆட்களே செய்யலாம்.

அவர் நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பாருங்கள். உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து என்றால் நல்லது. டிவியை அணைத்துவிடுங்கள். ஒரே ஒருவர் மட்டும் பேச வேண்டும். இமை பாதி தொங்கியிருந்தால் விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள். அவர் முகத்துக்கு நேராக நின்று, "மாமா, உங்களால கை கால அசைக்க முடியலன்னு எங்களுக்குத் தெரியும். கண்ண மட்டும் மேல தூக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுங்கள். அந்த இடைவெளி மிக முக்கியம். நம் ஆட்கள் இரண்டு விநாடி பொறுத்துவிட்டு மறுபடி மறுபடி கேட்டுத் திணறடித்துவிடுவார்கள். மேலே பார்த்தால், "இப்ப கீழ பாருங்க" என்று சொல்லுங்கள். தற்செயலாகக் கண் போனதா, சொல்லித்தான் போனதா என்பது ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும். ஒரு முகக்கண்ணாடியை அவர் முகத்துக்கு முன்னால் மேலும் கீழுமாக நகர்த்தியும் பாருங்கள். வேறு எந்தப் பொருளையும்விட, தன் முகத்தைக் கண் எளிதில் பின்தொடரும். நாங்களும் வார்டில் கண்ணாடிதான் வைத்திருக்கிறோம். ஒரு நாள் பார்த்து விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு நேரத்தில் ஐந்து தடவையாவது பார்த்த பிறகுதான் இல்லை என்ற முடிவைப் பற்றியே பேசலாம்.

சொன்னபடி கண் நகர்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து ஆமாம், இல்லை. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை என்று சினிமாவில் காட்டுவது நடைமுறையில் குழப்பும்; சும்மா இமைப்பதும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளாகக் கேளுங்கள். "உங்க ஊர் கும்பகோணமா?", "உங்களுக்கு ரெண்டு பொண்ணா?" என்கிற மாதிரி, பாதி ஆமாம் வருவதும் பாதி இல்லை வருவதுமாக இருக்கட்டும். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு டாக்டரை அழைத்து, அவர் முன்னாலேயே மறுபடி கேளுங்கள். எம்ஆர்ஐயில் பான்ஸின் முன்பக்கம்தான் அடிபட்டிருக்கிறதா, ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். லாக்டு-இன் நோயாளிகள் பலருக்கு ஈஈஜி நம்முடையது போலவே, கண்ணைத் திறந்தால் மாறக்கூடியதாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. யாராவது வந்து, "நான் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன், அவர் விரல் என் கையை எழுத்து நோக்கித் தள்ளும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2009-ல் பெல்ஜியத்தில், 23 வருடம் தவறாகக் கணிக்கப்பட்ட ஒருவர் இப்படி ஒரு உதவியாளரின் கைவழியாகப் பேசுகிறார் என்று உலகமெல்லாம் செய்தி வந்தது. பிறகு, உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளிக்கு மட்டும் ஒரு பொருளைக் காட்டி, திரும்ப வந்தவரிடம் அது என்ன என்று தட்டச்சு செய்யச் சொன்னார்கள். வரவில்லை. எழுதியது அத்தனையும் உதவியாளரின் மனதிலிருந்து, அவருக்கே தெரியாமல் வந்தது. அந்த மனிதருக்கு ஸ்கேனில் உணர்வு இருப்பது தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் இன்னும் வேதனையாக இருக்கிறது. அவர் வாயில் யாரோ வார்த்தையைப் போட்டுவிட்டார்கள். கண் நோயாளியுடையதாக இருக்கட்டும். நாம் வாய்விட்டு வாசிப்பதோடு நின்றுகொள்வோம்.

இனி தமிழில் எழுத்துக்கூட்டுவது. 247 எழுத்தை எப்படிச் சொல்லி முடிப்பது என்று பலர் மலைத்துப்போவார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த பாகுபாடே இதற்காகச் செய்தது மாதிரி உதவுகிறது. மெய் பதினெட்டும் ஆறு ஆறாகத்தான் பிரிந்திருக்கிறது: வல்லினம் க ச ட த ப ற, மெல்லினம் ங ஞ ண ந ம ன, இடையினம் ய ர ல வ ழ ள. முதலில் "உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம்" என்று நான்கை மட்டும் வாசியுங்கள். கண் மேலே போன இடத்தில் நிறுத்தி, அந்தப் பிரிவில் இருக்கும் எழுத்துகளை வாசியுங்கள். மெய் கிடைத்ததும், "குறிலா, நெடிலா" என்று கேட்டு அதற்குள் இருக்கும் உயிரை வாசியுங்கள். ங, ஞ இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அரிதாகத்தான் வரும். புள்ளி எழுத்துகளை நாங்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. த, ணி என்று வந்தால் தண்ணிதான். முதல் இரண்டு எழுத்து வந்ததுமே ஊகித்து, "இதுவா?" என்று கேட்டுவிடலாம். ஆனால் அவர் இல்லை என்று கண்ணைத் தாழ்த்தினால் நம் ஊகத்தைக் கைவிட்டுவிட வேண்டும். பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிற பிரச்சினை இவர்களுக்கு அடிக்கடி உண்டு. எழுத்துகளை எழுதிய அட்டையைக் காட்டினால் மட்டும் போதாது, வாசிக்கத்தான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் "உடம்பு பத்தியா, ஆள் பத்தியா, சாமான் பத்தியா" என்று தொடங்கி, உடம்பென்றால் தலையிலிருந்து கால் வரை இறங்கி வருவோம்.

ஒன்றைச் சொல்கிறேன். ஈரோடு பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர், ஐம்பது வயதைத் தொட்டவர், ஸ்ட்ரோக் வந்த ஏழாவது வாரம் எங்களிடம் வந்தார். அவர் மகள் காலேஜ் இரண்டாம் வருஷம். நான் அட்டையைக் கொடுத்து முறையைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் காலை, அவளே வாசிக்க உட்கார்ந்தாள். "உயிர்... வல்லினம்..." கண் மேலே போனது. "க..." மறுபடி மேலே. "குறிலா, நெடிலா?" நெடிலில் தூக்கினார். "ஆ..." கா. அடுத்ததும் வல்லினம். க, ச, ட தாண்டி த-வில் தூக்கினார். குறிலில், அ, இ தாண்டி உ. காது.

"காது கேக்கலையாப்பா?" என்றாள். கண் கீழே போனது. அவள் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துவிட்டு, அப்புறம் அவர் தலைக்கு அடியில் கையை விட்டாள். வலது காது மடங்கிப்போய் தலையணையின் ரெக்ஸின் ஓரத்தில் நசுங்கியிருந்தது. எடுத்துவிட்டுப் பார்த்தால் காதுமடல் ரத்தச் சிவப்பு, மடிப்பில் தோல் உரிந்திருக்கிறது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடுகிறார்களே, அந்தப் பக்கம் புரட்டும்போதெல்லாம் அந்தக் காது அப்படித்தான் மடங்கியிருக்கிறது. வெறும் கையை வைத்து நிமிர்த்திவிட்டால் முடிகிற வேலை. ஏழு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு மனிதர் சொன்ன வார்த்தை அதுதான். அன்றிலிருந்து எந்த நோயாளியைப் புரட்டினாலும், நினைவு இருக்கிறவரோ இல்லாதவரோ, முதலில் காதைத்தான் பார்க்கிறேன்.

இவர்களுக்கு வலி தெரியும் என்பதை அந்த வார்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஊசி போடும்போது, ட்யூப் மாற்றும்போது, சளி உறிஞ்சும்போது "இப்ப இதைச் செய்யப்போறோம்" என்று சொல்லிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். படுக்கையருகே நின்று செலவு, நிலம், "எத்தனை நாளைக்கு" போன்ற பேச்சு வேண்டாம். இன்னொன்று: மாமா திடீரென்று விசும்பி அழலாம், சம்பந்தமில்லாமல் சிரிப்பதுபோல முகம் மாறலாம். மூளைத்தண்டு அடிபட்டவர்களுக்கு அழுகையையும் சிரிப்பையும் அடக்கும் கட்டு தளர்ந்துவிடும். அழும்போதெல்லாம் அவர் மனம் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. "வருத்தமா இருக்கா, இல்ல தானா வருதா?" என்று கேட்டுவிடுங்கள். மருந்தும் உண்டு.

நம் ஊரில் இதே பூட்டு வேறொரு வழியிலும் விழுகிறது. கட்டுவிரியன். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும்; வலியே தெரியாமல்கூடப் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்கல், அப்புறம் மூச்சுத் திணறல். அதன் விஷம் நரம்பு தசையைத் தொடும் முனைகளைச் சிதைக்கிறது, மூளைக்குள் போவதில்லை. முற்றிய நிலையில் கண்ணும் அசையாது, கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும். பார்த்தால் அசல் மூளைச்சாவு. இந்தியாவிலும் இலங்கையிலும் இப்படி மூளைச்சாவு என்று எண்ணப்பட்டவர்கள் வென்டிலேட்டரில் சில நாள் தாங்கிப் பிடித்ததும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முனைகள் மறுபடி முளைக்கும் வரை மூச்சைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும். கிராமத்திலிருந்து காரணம் தெரியாத முடக்கத்தோடு விடியற்காலையில் ஒருவர் வந்து சேர்ந்தால், பாம்பு கண்ணில் படவில்லை என்றாலும் இதை நினைக்க வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே சிண்ட்ரோம் கடுமையாக வந்தாலும் இதே நிலை வரலாம். அதிலும் பெரும்பாலோர் மீள்கிறார்கள்.

சரி, கண்ணும் அசையவில்லை, பாம்பும் இல்லை, மூளையில் பலமான அடி. அப்போது? 2006-ல் கேம்பிரிட்ஜில் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழு இதைச் சோதித்தது. விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக வெஜிடேட்டிவ் நிலையில் இருந்த 23 வயதுப் பெண் ஒருவரை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார்கள். பிறகு வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு எந்தெந்த இடம் ஒளிர்ந்ததோ அதே இடங்கள் அவருக்கும் ஒளிர்ந்தன. 2010-ல், இதே முறையில் டென்னிஸ் என்றால் ஆமாம், வீடு என்றால் இல்லை என்று வைத்து, ஒரு நோயாளி தன் குடும்பத்தைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார். 2024-ல் வந்த பெரிய ஆய்வில், சொன்ன எதையும் வெளியே செய்யாத 241 பேரில் 60 பேரின் மூளை சொன்னதை உள்ளே செய்துகொண்டிருந்தது. நான்கில் ஒருவர். அதே ஆய்வில், கண்முன்னால் சொன்னபடி செய்யக்கூடிய 112 பேரை ஸ்கேன், ஈஈஜி வழியாகச் சோதித்தபோது 43 பேருக்குத்தான் அது பதிவானது. ஆக, கருவியில் வரவில்லை என்பதற்காக ஆள் உள்ளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்த வசதி நம்மூர் ஆஸ்பத்திரிகளில் அன்றாடப் பரிசோதனை ஆகவில்லை. அதனால்தான் கண்ணாடியும் பொறுமையும் இங்கே இவ்வளவு முக்கியம்.

யாருமே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் மார்ட்டின் பிஸ்டோரியஸ் இருக்கிறார். 1988-ல் 12 வயதில் இனம் தெரியாத மூளை நோயில் விழுந்தார். பதினாறு வயது வாக்கில் நினைவு திரும்பிவிட்டது. ஆனால் சொல்ல வழியில்லை. பகல் பராமரிப்பு இல்லத்தில் குழந்தைகள் நிகழ்ச்சி ஓடும் டிவிக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள். சுவரில் வெயில் நகர்வதைப் பார்த்து மணி எத்தனை என்று கணக்கிடக் கற்றுக்கொண்டார். எண்ணெய் தேய்த்துவிட வந்த ஒரு பெண், தான் பேசும்போது இவர் கண் மாறுவதைக் கவனித்து, பெற்றோரிடம் வற்புறுத்திச் சோதிக்க வைத்தார். அது 2001. அவருக்கு வயது 25. பிறகு கணினி வழியாகப் பேசக் கற்று, வேலைக்குப் போய், திருமணமும் செய்துகொண்டார்.

உங்கள் அடுத்த கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் எல்லாக் குடும்பமும் தாழ்வாரத்தில் என்னை நிறுத்திக் கேட்பதுதான்: இப்படி நினைவோடு கிடப்பதைவிட நினைவில்லாமலே இருப்பது மேல் இல்லையா? பிரான்ஸின் அந்தச் சங்கத்தில் இருக்கும் நோயாளிகளிடமே கேட்டு 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. கணக்கில் எடுத்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். இந்த நிலையில் அதிக வருடம் இருந்தவர்கள் அப்படிச் சொல்வது கூடுதலாக இருந்தது. சாவுக்கு உதவி கேட்டவர்கள் 7 சதவீதம். மகிழ்ச்சியில்லை என்ற 18 பேர் குறைப்பட்டதில் முக்கியமானவை வெளியே போக முடியாதது, பொழுதுபோக்கு இல்லாதது, பேச்சு திரும்பாதது. பதில் அனுப்பாதவர்களின் மனம் இதில் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும், அவருக்குப் பதிலாக நாம் தாழ்வாரத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உடல்நிலை சீராகி ஒரு வருடத்தைத் தாண்டியவர்களில் பத்து வருடத்துக்கு மேல் வாழ்பவர்கள் 80 சதவீதத்துக்கும் அதிகம். பலருக்கு ஒரு விரலோ தலையோ கொஞ்சம் அசையத் தொடங்கும். அது போதும், அதை வைத்துக் கணினியை இயக்க ஒரு ஸ்விட்ச் வைத்துவிடலாம். கண் அசைவைப் படிக்கும் கணினிகள் இருக்கின்றன. 2023-ல் கலிபோர்னியாவில், 2005-ல் மூளைத்தண்டு ஸ்ட்ரோக்கில் பேச்சிழந்த ஒரு பெண்ணின் மூளை மேல் 253 மின்முனைகளைப் பதித்து, நிமிஷத்துக்கு ஏறத்தாழ 78 வார்த்தை வேகத்தில் அவர் பேச நினைத்ததைக் கணினி பேசியது. அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. ஒரு அட்டையும் வாசிக்க ஓர் ஆளும் உங்களிடம் இன்றே இருக்கின்றன.

இன்று சாயங்காலம் பார்வை நேரத்தில் அத்தையையே கேட்க விடுங்கள், அந்தக் குரல்தான் அவருக்குப் பழக்கம். மற்றவர்கள் பின்னால் நின்று வீடியோ எடுங்கள். மாமா மேலே பார்த்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து அழுது கூட்டம் போட்டுவிடாதீர்கள், அவர் சீக்கிரம் களைத்துவிடுவார். முதலில், அவருக்கு என்ன ஆயிற்று, இது எந்த ஆஸ்பத்திரி, இன்று என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். இத்தனை நாளில் அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்புறம் வரிசையாகக் கேளுங்கள்: எங்காவது வலிக்கிறதா? எங்காவது அரிக்கிறதா? ட்யூப் உறுத்துகிறதா? குளிருதா? லைட் கண்ணில் அடிக்கிறதா? தலையைத் திருப்பி வைக்கவா? காதையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.